பசுமைக் கட்டடச் சான்றிதழ்: காதுக்கு எத்தனை புள்ளி, காலுக்கு எத்தனை புள்ளி?

ஒரு கட்டடத்தின் முகப்பில் 'லீட் கோல்டு' என்றோ 'லீட் பிளாட்டினம்' என்றோ பலகை இருந்தால், மாடியில் சூரியத் தகடு இருக்கும், மழைநீரைச் சேமிப்பார்கள், கரண்ட் பில் குறைவாக வரும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதே சான்றிதழில் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. வகுப்பறையின் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு டீச்சர் சொல்வது தெளிவாகக் கேட்கிறதா? வாசலைத் தாண்டி நடந்தே போய் மருந்து வாங்கிக்கொண்டு வர முடியுமா? முதல் கேள்வி ஒலியியல் புள்ளிகளைச் சேர்ந்தது. இரண்டாவது, நடக்கத் தோதான மனை அமைப்புக்கான புள்ளிகளைச் சேர்ந்தது.

கட்டடத்தில் புழங்குகிறவர்கள் தினமும் உணர்வது இந்த இரண்டையும்தான். இருந்தும் விளம்பரங்களில் இவை தலைகாட்டுவதே இல்லை. அதனால் இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று இருக்கிறது. நல்ல வடிவமைப்பாளரின் திறமை தெரிவதே அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

புள்ளிக் கணக்கு

லீட் என்பது, 1993இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் உருவாக்கிய மதிப்பீட்டு முறை. இந்தியாவுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் பிளாட்டினம் தரம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தைப் பெற்ற முதல் கட்டடம் அதுதான். பிறகு இங்கேயே ஐஜிபிசி, கிரிஹா போன்ற முறைகளும் வளர்ந்தன. இந்தக் கட்டுரையில் லீட் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் படிப்பது சுலபம்.

சில நிபந்தனைகள் கட்டாயமானவை. அவற்றில் ஒன்று தவறினாலும் சான்றிதழ் கிடையாது. மற்றவை விருப்பம்போல் எடுத்துக்கொள்ளக்கூடியவை. நிறைவேற்றியதற்குத் தக்கபடி புள்ளி சேரும். மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தால் சான்றிதழ், 50 எடுத்தால் வெள்ளி, 60 எடுத்தால் தங்கம், 80 எடுத்தால் பிளாட்டினம். இங்கே நான் சொல்லும் எண்கள் 2013இல் வந்த நான்காம் பதிப்பில் உள்ளவை. 2025இல் ஐந்தாம் பதிப்பும் வந்துவிட்டது. ஒரு கட்டடம் எந்தப் பதிப்பில் பதிவானதோ அந்தப் பதிப்பின் விதிதான் அதற்குப் பொருந்தும்.

புதிய அலுவலகக் கட்டடம் ஒன்று மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் 18 புள்ளி வரை எடுக்கலாம். ஒலிக்கு இருப்பது 1 புள்ளி. பல திட்டங்களில் இதனாலேயே ஒலி கைவிடப்படுகிறது. ஒரு புள்ளிக்காகத் தனி ஆலோசகர், கனமான கதவு, கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை என்று செலவழிப்பதைவிட வேறு இடத்தில் அந்தப் புள்ளியைச் சுலபமாக எடுத்துவிடலாம் அல்லவா? கணக்குப் பார்க்கிறவருக்கு அது நியாயமாகப்படும். அந்த அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கப்போகிறவரை யாரும் கேட்பதில்லை.

பள்ளிகளில் மட்டும் லீட் இதில் கண்டிப்பாக இருக்கிறது. அங்கே குறைந்தபட்ச ஒலித்தரம் கட்டாய நிபந்தனை. அதற்கு மேல் போனால்தான் புள்ளி. 2007இல் பள்ளிகளுக்கென்று தனி லீட் முறை வந்ததிலிருந்தே ஒலிக்கு அதில் இடம் உண்டு. மற்றக் கட்டடங்களுக்கு ஒலிப் புள்ளி பரவலானது நான்காம் பதிப்பில்தான்.

பசுமைக் கட்டடத்தில் ஏன் இரைச்சல்?

கட்டடத்தில் இருப்பவர்களிடம் காற்று எப்படி, வெளிச்சம் எப்படி, சத்தம் எப்படி என்று கேட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வு மையம் பல வருடங்களாகக் கருத்துக்கணிப்பு நடத்திவருகிறது. பசுமைக் கட்டடங்களில் காற்றைப் பற்றிய திருப்தி கூடியிருந்தது. ஒலி விஷயத்தில் அப்படி ஒரு முன்னேற்றம் தெரியவில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பகல் வெளிச்சம் உள்ளே வரை வர வேண்டும் என்று தடுப்புகளைத் தாழ்த்துகிறார்கள். பேச்சுச் சத்தம் தடையில்லாமல் பரவுகிறது. கான்கிரீட் கூரை குளிர்ச்சியைத் தேக்கிவைக்கும் என்று அதை மூடாமல் விடுகிறார்கள். அது சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது. தூசி சேரும், ரசாயன வாடை வரும் என்று கம்பளத்தைத் தவிர்க்கிறார்கள். வெறும் தரையில் காலடிச் சத்தம் எழுகிறது. காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்தால் தெருவே உள்ளே வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல முடிவுதான். எல்லாம் ஒரே அறையில் சேரும்போது காதுதான் விலை கொடுக்கிறது.

ஒலிப் புள்ளியில் மூன்று முக்கியமான விஷயங்களைப் பார்க்கிறார்கள்: அறையில் எப்போதும் இருக்கும் பின்னணி இரைச்சல், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி அறைக்குள்ளேயே நீடிக்கும் எதிர்முழக்கம், பக்கத்து அறையிலிருந்து கசிந்து வரும் ஓசை.

பின்னணி இரைச்சல்

ஏசி, மின்விசிறி, காற்றுக் குழாய் ஆகியவற்றின் ஓயாத ஓசை இது. டெசிபலில் அளக்கிறார்கள். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குக்குள் வராது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகப்படும். ஆகவே 35க்கும் 45க்கும் உள்ள வித்தியாசத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளி வகுப்பறையில் ஏசி, காற்றோட்டக் கருவிகளின் ஓசை 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது லீட் கட்டாய நிபந்தனை. 35க்குள் அடக்கினால்தான் புள்ளிக்குத் தகுதி. இந்த 35 எங்கிருந்து வந்தது? சாதாரணக் குரலில் பாடம் நடத்தினால், கடைசி வரிசையை எட்டும்போது ஆசிரியரின் குரல் 50 டெசிபல் அளவில் இருக்கும். சிறு பிள்ளைகளுக்குப் பேச்சு தெளிவாகப் புரிய, குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். 50இலிருந்து 15ஐக் கழித்தால் 35. அமெரிக்காவில் 2002இல் வெளியான வகுப்பறை ஒலித்தரக் குறியீடு இதைத்தான் விதியாக்கியது. லீட் அதையே எடுத்துக்கொண்டது.

நம் ஊரில் ஜன்னலில் பொருத்தும் ஏசி பெரும்பாலும் 50 டெசிபலைத் தாண்டும். அதாவது ஆசிரியர் குரலும் ஏசி ஓசையும் கடைசி பெஞ்சில் சரிக்குச் சரி நிற்கும். பெரியவர்களாக இருந்தால் விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வோம். புதுச் சொல்லை முதல்முறை கேட்கிற ஆறு வயதுப் பிள்ளையால் அது முடியாது.

எதிர்முழக்கம்

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதை ஒப்படைத்தார்கள். அவர் இரவில் வேலை செய்தார். சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்திவிட்டு, ஓசை முற்றிலும் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஓசை 60 டெசிபல் குறைய ஆகும் விநாடிகள் அது.

ஒரு வகுப்பறையை வைத்துப் போட்டுப் பார்ப்போம். நீளம் 8 மீட்டர், அகலம் 7 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 168 கன மீட்டர். தரை 56 சதுர மீட்டர், கூரை 56, நான்கு சுவர்களும் சேர்ந்து 90. ஆக 202 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான் உறிஞ்சும். அப்படியானால் உறிஞ்சு பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். 0.161ஐ 168ஆல் பெருக்கினால் 27; அதை 6ஆல் வகுத்தால் நாலரை விநாடி. ஆசிரியர் "பெருக்கல்" என்று சொல்லி முடித்து அடுத்த வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதும் பழைய சொல் அறையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளும் பைகளும் நிறைந்தால் நேரம் நன்றாகக் குறையும்தான், ஆனால் அது மட்டும் போதாது.

இப்போது கூரையை மட்டும் மாற்றுவோம். தன்மீது படும் ஒலியில் நூற்றுக்கு 70 பங்கை உறிஞ்சும் பலகை. இதைத்தான் என்ஆர்சி 0.70 என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். கூரையிலிருந்து மட்டும் 39 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு கிடைக்கிறது; தரையும் சுவரும் சேர்ந்தால் சுமார் 43.5. கணக்கு 0.62 விநாடியில் வந்து நிற்கிறது. இந்த அளவுள்ள வகுப்பறைக்கு விதி சொல்லும் வரம்பு 0.6. பெஞ்சுகளும் சுவரில் ஒரு துணிப் பலகையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

லீட் இதில் ஒரு சலுகை தருகிறது. கணக்குப் போட விரும்பாதவர்கள், என்ஆர்சி 0.70 அல்லது அதற்கு மேற்பட்ட பலகையைக் கூரையின் பரப்பளவுக்குக் குறையாமல் பொருத்திவிட்டால் போதும். கூரையிலும் ஒட்டலாம், சுவரிலும் ஒட்டலாம். ஏன் சரியாகக் கூரைப் பரப்பு என்று கேட்டார்கள் என்பது மேலே உள்ள கணக்கிலேயே தெரிகிறது.

சுவரும், சுவரில் உள்ள சந்தும்

பக்கத்து அறையின் ஓசையைச் சுவர் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு எஸ்டிசி என்ற எண் உண்டு. எண் கூடக்கூடத் தடுப்பு அதிகம். 50 இருந்தால், அடுத்த அறையில் உரக்கப் பேசினாலும் சொல் புரியாது. லீட் கேட்பது, அலுவலக அறைக்கும் அலுவலக அறைக்கும் நடுவே 45, கூட்ட அறைகளுக்கு நடுவே 50, அடுத்தடுத்த வீடுகளுக்கும் ஹோட்டல் அறைகளுக்கும் நடுவே 55, இயந்திர அறைக்குப் பக்கத்தில் 60.

இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 50ஐ ஒட்டி வந்துவிடும். நம் பழைய கட்டடங்களில் பக்கத்து அறைப் பேச்சு கேட்காததற்கு அந்தக் கனமே காரணம். இன்றைய அலுவலகங்களின் மெல்லிய ஜிப்சம் பலகைத் தடுப்பு அதற்கு வெகு கீழே. அதைவிட மோசம், அந்தத் தடுப்பைப் பொய்க்கூரை வரை மட்டும் எழுப்பி, மேலே திறந்து விடுவது. ஓசை மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

லீட் பார்ப்பது சுவர், கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்த கூட்டு மதிப்பு. இது மிக நல்ல விதி. ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 210 செ.மீ. அடியில் 1 செ.மீ. இடைவெளி. பரப்பில் அது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒலி அந்தச் சந்து வழியாகத் தடையில்லாமல் போகும். கதவை எவ்வளவு கனமாகச் செய்தாலும் மொத்தத் தடுப்பு 23 டெசிபல் அளவோடு நின்றுவிடும். அடியில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டுவது, கதவையே மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும் இடம் இது.

ரயில் பாதை ஓரத்துப் பள்ளி

இந்த எண்களெல்லாம் பிள்ளைகளின் படிப்பில் எப்படித் தெரியும் என்பதை நியூயார்க்கில் ஒரு பள்ளி காட்டியது. மன்ஹாட்டனின் வடகோடியில் உள்ள பி.எஸ். 98 என்ற அரசுப் பள்ளி. அதன் ஒரு பக்கத்தை ஒட்டி, தூண்கள் மேல் ரயில் பாதை. வகுப்பு நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் கடக்கும்; அப்போதெல்லாம் ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டும்.

ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் அறிஞர், ரயிலை ஒட்டிய வகுப்பறைகளில் படித்த பிள்ளைகளையும், அதே பள்ளியில் மறுபக்கத்து அமைதியான அறைகளில் படித்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு, 1975இல் ஆய்வை வெளியிட்டார். வாசிப்புத் தேர்வில் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பை எட்டும்போது இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடப் படிப்புக்குச் சமம். பள்ளி ஒன்றே, பாடமும் ஒன்றே. எந்தப் பக்கத்து அறை கிடைத்தது என்பதுதான் வேறு.

பிறகு இரண்டு வேலைகள் நடந்தன. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் தகடுகள் வைத்தார்கள். வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரை போட்டார்கள். 1981இல் வந்த தொடர் ஆய்வில் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் ஒரே தரத்தில் இருந்தது. ஒலிக்கு ஒரு புள்ளிதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பள்ளிதான் நினைவுக்கு வருகிறது.

நடக்கத் தோதான மனை

இனி கால் பக்கம். இங்கே புள்ளிகள் கொஞ்சம் தாராளம். கட்டடத்தைச் சுற்றி அடர்த்தியான குடியிருப்பும் பலவகைக் கடைகளும் இருந்தால் 5 வரை. பேருந்தோ ரயிலோ நடக்கும் தூரத்தில் இருந்தால் இன்னொரு 5 வரை.

கடைகளுக்கான விதி இப்படி. முதன்மை வாசலிலிருந்து அரை மைல், அதாவது 800 மீட்டர் நடைக்குள், பொதுமக்கள் போகக்கூடிய 4 முதல் 7 இடங்கள் இருந்தால் 1 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் 2. எட்டு செல்போன் கடை வரிசையாக இருந்தால் ஆகுமா? ஆகாது. ஒரே வகையில் இரண்டுக்கு மேல் கணக்கில் வராது. மளிகை, மருந்துக்கடை போன்ற அன்றாடக் கடைகள், வங்கி, உணவகம் போன்ற சேவைகள், பூங்கா, மருத்துவமனை, தபால் நிலையம், வழிபாட்டு இடம் போன்ற பொது இடங்கள் என்று குறைந்தது மூன்று பிரிவுகளாவது கலந்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தம் என்றால் 400 மீட்டர். ரயில் நிலையம் என்றால் 800.

இந்த 800 மீட்டரை எப்படி அளப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2009 பதிப்பில் கடைகளுக்கு வரைபடத்தில் வட்டம் போட்டு அளந்தார்கள். நான்காம் பதிப்பு, மனிதர் உண்மையில் நடக்கும் பாதையை அளக்கச் சொன்னது. மதில் சூழ்ந்த நம் அடுக்குமாடி வளாகங்களுக்கு இது பெரிய வித்தியாசம். மதிலுக்குப் பின்னால் 60 மீட்டரில் மளிகைக் கடை இருக்கும். ஆனால் வளாகத்துக்கு ஒரே வாசல், அது எதிர்ப்பக்கம். சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டர். வட்டக் கணக்கில் கிடைத்த கடை, நடைக் கணக்கில் காணாமல் போகிறது. பின்மதிலில் ஒரு சிறு கதவு வைத்தால் திரும்பக் கிடைத்துவிடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேரின் அன்றாடத்தை மாற்றும் வேலை கட்டடத் துறையில் அதிகம் இல்லை.

ஒரே கட்டடமாக இல்லாமல் ஒரு குடியிருப்புப் பகுதியையே புதிதாக அமைப்பவர்களுக்கு லீட்டில் தனி முறை உண்டு. அங்கே நடக்கத்தக்க தெரு என்பது கட்டாய நிபந்தனை. புதிய கட்டடங்களில் 90 சதவீதத்தின் முதன்மை வாசல் தெருவையோ பூங்காவையோ பொதுவெளியையோ பார்த்திருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து வாசல் வைத்தால் சேராது. தெருக்களில் 90 சதவீத நீளத்துக்கு இருபுறமும் அறுபடாத நடைபாதை வேண்டும். கார் கொட்டகை வாசல்கள் தெரு முகப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருக்களை மக்கள் எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும். கேட் போட்டு அடைத்த குடியிருப்பு தகுதி பெறாது. 'கேட்டட் கம்யூனிட்டி' என்பதையே பெருமையாக விற்கும் நம் நகரங்களில் இந்த ஒரு விதியைப் பற்றி நிறையப் பேச வேண்டும்.

இன்னொரு விதி எனக்குப் பிடித்தது. முகப்பின் ஒரு பகுதியிலாவது, தெருவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கட்டடம் உயர்ந்திருக்க வேண்டும். 12 மீட்டர் தெருவுக்கு 4 மீட்டர் உயரம். இருபுறமும் ஒரு அணைப்பு இருந்தால்தான் நடக்க மனம் வரும். 40 மீட்டர் சாலையும் அதன் ஓரத்தில் தாழ்வான கொட்டகைகளும் இருந்தால், நடைபாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெயிலில் தனியாக விடப்பட்டதுபோல் இருக்கும்.

நடைபாதை அகலத்தில் மட்டும் நம் நாட்டு விதியே ஒரு படி மேல். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் தனிக் கொள்கை வகுத்தது, தி.நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு மாலை நடந்தவர்களுக்கு இந்தப் புள்ளிகள் எதைக் கேட்கின்றன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டு அரை மைல்

மோதல் இங்கேதான். பள்ளிகளுக்கான ஒலி நிபந்தனையில் வெளிச்சத்தம் பற்றியும் ஒரு பகுதி உண்டு. பள்ளி நேரத்தில், போக்குவரத்து உச்சத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்தின் சராசரி 60 டெசிபலைத் தாண்டினால், உள்ளே சத்தம் வராமல் தடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நெடுஞ்சாலை, ரயில், விமானப் பாதை, தொழிற்சாலை எல்லாவற்றிலிருந்தும் அரை மைலுக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கு இதிலிருந்து விலக்கு.

அதே அரை மைல்தான். ரயில் நிலையம் அரை மைலுக்குள் இருந்தால் காலுக்குப் புள்ளி. ரயில் பாதை அரை மைலுக்கு அப்பால் இருந்தால் காதுக்குச் சலுகை. ஒரே மனை இரண்டையும் ஒரே நேரத்தில் பெறுவது கடினம். ஊருக்கு வெளியே அமைதியான வயல்வெளியில் பள்ளியைக் கட்டினால் ஒலி விதி தானாக நிறைவேறும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வேனில்தான் வர வேண்டும். ஊருக்குள் கட்டினால் நடந்து வரலாம். ஆனால் பாடத்தோடு பஸ் ஹார்னும் கேட்கும்.

என்னைக் கேட்டால் ஊருக்குள்தான் கட்ட வேண்டும். சத்தத்தை வடிவமைப்பால் குறைக்க வழி உண்டு. தூரத்தை எந்த வடிவமைப்பாலும் குறைக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். சாலையில் 70 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல் மட்டுமே குறைக்கும். உள்ளே 55க்கு மேல் வந்துவிடும். கடைசி பெஞ்சை எட்டும் குரலோ 50. ஜன்னலை மூடி, சந்துகளை ரப்பரால் அடைத்து, எஸ்டிசி 35 உள்ள கண்ணாடி போட்டால் (லீட் பள்ளிப் புள்ளி கேட்பது அதைத்தான்) இலக்கை நெருங்கலாம். ஆனால் மூடிய ஜன்னலோடு நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதை விடையாகச் சொல்வது நியாயமல்ல. போதாக்குறைக்கு, எஸ்டிசி எண் 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நிறுத்தத்தில் நின்று உறுமும் பேருந்தின் ஓசையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கண்ணாடிக்கு முன்னால் மனை வரைபடத்தில் தொடங்க வேண்டும். மாடிப்படி, கழிப்பறை, சமையலறை, சாமான் அறை, தாழ்வாரம் எல்லாவற்றையும் சாலைப் பக்கம் வையுங்கள். வகுப்பறைகளைப் பின்னால் ஒரு முற்றத்தைப் பார்த்து வையுங்கள். கட்டடமே ஒலிக்குத் தடுப்பாகிவிடும். முற்றத்துப் பக்கத்து ஜன்னல்களைத் தாராளமாகத் திறக்கலாம். வாசல் மட்டும் சாலையைப் பார்த்தே இருக்கட்டும். நடந்து வருபவர்களுக்கு அது நெருக்கம், நடைப் புள்ளி கேட்பதும் அதுதான்.

மரம் நட்டால் சத்தம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். நிழலுக்கு நடுங்கள், கட்டாயம் நடுங்கள். ஆனால் ஒரு வரிசை மரத்தால் ஒலி குறைவது காதுக்குத் தெரியாது. ஊடே பார்க்க முடியாத அடர்த்தியில் 60 மீட்டர் ஆழத்துக்கு மரங்கள் இருந்தால்தான் 10 டெசிபல் குறையும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை தரும் அளவு. மனையில் அவ்வளவு இடம் இருந்தால் பள்ளியையே தள்ளிக் கட்டிவிடலாம்.

இரண்டு புள்ளிகளும் கைகோக்கும் இடமும் உண்டு: வாகன வேகம். குடியிருப்புத் தெருக்களை மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ப அமைத்தால், குடியிருப்புப் பகுதிகளுக்கான லீட் முறையில் நடைக்குச் சாதகம். வேகம் குறைந்தால் சக்கரம் தரையில் உரசும் ஓசையும் குறையும். மணிக்கு 65 மைலில் ஓடும் போக்குவரத்து, 30 மைலில் ஓடுவதைவிட இரு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்று அதே துறை சொல்கிறது. ஹார்னுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குச் சட்டம்தான் துணை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் வரம்பு 50 டெசிபல். லீட் 60ஐத் தாண்டினால்தான் கவலைப்படுகிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். நம் சட்டம் அதைவிடக் கண்டிப்பானது. நடைமுறைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

சான்றிதழைப் படிப்பது எப்படி

வீடோ அலுவலகமோ பள்ளியோ, 'பசுமைச் சான்றிதழ் பெற்றது' என்று யாராவது சொன்னால் தரத்தின் பெயரோடு நிற்காமல் மதிப்பெண் பட்டியலைக் கேளுங்கள். லீட் சான்றிதழ் பெற்ற பல கட்டடங்களின் பட்டியல் மன்றத்தின் இணையதளத்திலேயே பொதுவில் இருக்கிறது. உட்புறச் சூழல் என்ற பிரிவில் ஒலிக்கு எதிரே ஒன்றா பூஜ்யமா என்று பாருங்கள். இடமும் போக்குவரத்தும் என்ற பிரிவில் சுற்றுப்புறக் கடைகளுக்கு எத்தனை, பேருந்து ரயிலுக்கு எத்தனை என்று பாருங்கள். ஒலியில் பூஜ்யம் வாங்கிய பிளாட்டினம் கட்டடம் இருக்க முடியும்; 110இல் 80 எடுக்க அந்த ஒன்று தேவையே இல்லை.

ஒலிப் புள்ளி கிடைத்திருந்தால், அது வரைபடக் கணக்கில் கிடைத்ததா, கட்டி முடித்தபின் அளந்து கிடைத்ததா என்றும் கேளுங்கள். விதி இரண்டையும் ஏற்கிறது. வரைபடத்தில் கதவடிச் சந்து தெரியாது.

பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி பார்க்கிறீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில், காலைப் போக்குவரத்து நெரிசல் இருக்கும் நேரத்தில் போங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் வரை நடைபாதையிலேயே நடந்து பாருங்கள். எத்தனை இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். வகுப்பறையில் மின்விசிறியையும் ஏசியையும் போடச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். முன்னால் நிற்பவரை, உங்களுக்குப் பழக்கமில்லாத பத்துப் பெயர்களைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஊகிக்க வழியில்லாத பெயர்களாக இருக்கட்டும். எத்தனை பெயர் சரியாக வந்தது என்று பார்த்துவிட்டு, சேர்க்கைப் படிவத்தை வாங்குங்கள்.